மனநோயும் குற்றக்கூண்டும்: அமிதா தண்டாவின் சட்டப்பணி மலையகத்துக்குச் சொல்வது

ஒரு சட்டப் பேராசிரியரின் வாழ்நாள் பணியைப் பற்றிப் பேச இங்கே நிற்கிறேன். அவர் பெயர் அமிதா தண்டா. ஹைதராபாத்தில் உள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் மலையகத்தைப் பற்றி எழுதியவர் என்று உங்களை அழைத்து வரவில்லை. பிறகு ஏன் ஹட்டனில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில், அவரைப் பற்றிப் பேச வேண்டும்? அவர் எழுப்பிய கேள்வி நம்முடைய கேள்வி. மனநோய் உள்ள ஒருவரைப் பொலிஸார் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்திய நாள் முதல் அவருக்கு என்ன நடக்கிறது? அவருக்காகச் சட்டம் பேசுகிறதா, அவரைப் பேசவிடாமல் சட்டம் பேசுகிறதா? இந்தக் கேள்வியைத்தான் இன்று மாலை நாம் சேர்ந்து யோசிக்கப் போகிறோம்.

தண்டாவின் முக்கியமான ஆய்வு நூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. சட்ட ஒழுங்கும் மனநோயும் ஒன்றையொன்று எப்படிச் சந்திக்கின்றன என்பதே அதன் பொருள். மருத்துவர்கள் மனநோயை மூளையிலும் மனத்திலும் தேடுகிறார்கள். அவர் அதைச் சட்டப் புத்தகங்களிலும் தீர்ப்புகளிலும் தேடினார். ஒப்பந்தம் செய்ய, சொத்தை வைத்துக்கொள்ள, வாக்களிக்க, மணவாழ்வைத் தொடர என்று ஒவ்வொரு உரிமையின் வாசலிலும் ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ என்ற ஒரே முத்திரை எப்படித் தடையாக நிற்கிறது என்று காட்டினார். இது தொலைவில் உள்ள செய்தி அன்று. நமது அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையைப் பாருங்கள். சித்த சுவாதீனமற்றவர் என்று சட்டப்படி காணப்பட்டவருக்கு இலங்கையிலும் வாக்குரிமை கிடையாது. குடியியல் சட்டம் இப்படி உரிமையைப் பறிக்கிறது. குற்றவியல் சட்டமோ அதே மனிதருக்குச் சலுகை தருவதாகச் சொல்கிறது. செய்தது இன்னதென்று அறியாதவரைத் தண்டிக்கக் கூடாது என்பது நல்ல கொள்கை. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை என்ன என்பதைச் சட்டக் கல்லூரிகளில் அதிகம் பேசுவதில்லை.

விலை என்னவென்று அறிய வேண்டுமானால் அசாமுக்குப் போவோம். மசாங் லாலுங் என்ற பழங்குடி இளைஞர் 1951இல் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23. ஒருவருக்குக் கடுங்காயம் விளைவித்தார் என்பது குற்றச்சாட்டு. மனநிலை சரியில்லை என்று அவரைத் தேஸ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழக்கு விசாரணைக்கு வரவே இல்லை. 1967இல் அவர் குணமாகிவிட்டார் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. கொடுத்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்களா? குவாஹாட்டி சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே அவரை எல்லோரும் மறந்துபோனார்கள். வழக்கைத் தொடுத்த பொலிஸார் மறந்தார்கள், அனுப்பிய நீதிமன்றம் மறந்தது, காத்திருந்த உறவினர் இறந்துபோயிருப்பார் என்றே எண்ணிவிட்டார்கள். மனித உரிமை ஆணைக்குழுவின் கண்ணில் பட்டு, 2005இல், ஒரே ஒரு ரூபாய்ப் பிணையில் அவர் வெளியே வந்தபோது அவருக்கு வயது 77. ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! குற்றவாளி என்று ஒரு நாளும் தீர்ப்பளிக்கப்படாதவர், குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் அனுபவித்திருக்கக்கூடிய காலத்தைவிடப் பல மடங்கு உள்ளே இருந்தார். அவரை யாரும் தண்டிக்கவில்லை. தண்டிக்கக் கூடாது என்ற கருணையின் பெயரால்தான் இது நடந்தது.

லாலுங் ஒருவர்தானே, விதிவிலக்குத்தானே என்று கேட்பீர்கள். அப்படி நினைக்க இந்திய உச்ச நீதிமன்றத்தின் பதிவேடுகள் விடுவதில்லை. 1982இல் பீகாரின் ஹசாரிபாக் சிறையைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. வீணா சேதி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். குணமான பிறகும் பல பத்தாண்டுகள் அடைக்கப்பட்டிருந்தவர்களின் கதை அது. 1993இல் ஷீலா பார்சே வழக்கில், எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று அதே நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. சொல்ல நேர்ந்தது என்றால் என்ன பொருள்? அதுவரை அது சாதாரண நடைமுறையாக இருந்தது என்று பொருள். சிறைக்கு வெளியிலும் நிலை வேறல்ல: 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளின் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். எழுந்து ஓட முடியாதவாறு கட்டிவைத்திருந்தார்கள் என்பதே அவர்கள் மாண்டதற்குக் காரணம். பேய் ஓட்டவும் நேர்த்தி வைக்கவும் உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்.

இதெல்லாம் இந்தியாவில், இங்கே அப்படியில்லை என்று ஆறுதலடைய முடியுமா? சட்டத்தின் பிறப்பை எண்ணிப் பாருங்கள். 1843இல் டேனியல் மக்நோட்டன் இங்கிலாந்துப் பிரதமரின் செயலாளரைச் சுட்டார். அந்த வழக்கிலிருந்து ஒரு விதி பிறந்தது: தான் செய்வது என்ன, அது தவறா என்று அறியும் ஆற்றல் அந்த வேளையில் இல்லாதவர் குற்றவாளி ஆகார். 1860இல் அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாயிற்று. 1883இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவாயிற்று. இந்தியாவும் இலங்கையும் ஒரே தாயின் இரு பிள்ளைகள். அந்த விதியோ அறிவை மட்டும் கேட்கிறது. கடும் மனச்சோர்வில் தன்னையும் பிள்ளையையும் முடித்துக்கொள்ளத் துணிந்த ஒரு தாய், கொலை தவறு என்று அறிந்தேதான் துணிகிறாள். 77ஆம் பிரிவு அவளுக்கு உதவாது. இங்கிலாந்து 1957இலேயே ‘குறைந்த பொறுப்பு’ என்ற இடைநிலைப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டது. நம்மிடம் அது இல்லை. முழு விடுதலை அல்லது கொலைக்குரிய மரண தண்டனை. நடுவில் இருப்பவை சினமூட்டல், திடீர்ச் சண்டை போன்ற சில விலக்குகள்தாம். மரண தண்டனை 1976க்குப் பிறகு இங்கே நிறைவேற்றப்படவில்லை. ஆனாலும் தீர்ப்பாக எழுதப்படுகிறது. சித்தம் பிறழ்ந்திருந்தது என்று நிரூபிக்கும் சுமையும் எதிரியின் தோளில்தான். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது.

பிடித்த பிறகு என்ன செய்வது என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. எதிரியால் தன் வழக்கை நடத்த முடியாது என்று மன்றம் கண்டால் விசாரணை நிற்கும். பிணையாளி இருந்தால் விடலாம். இல்லாவிட்டால் பாதுகாப்பான காவல். சித்தம் சரியில்லை என்ற காரணத்தால் விடுதலையானாலும் வாசல் திறக்காது. அமைச்சருக்கு அறிவித்து, அவர் கட்டளைப்படி காவல் தொடரும். குற்றவாளிக்கு வருடக் கணக்கு உண்டு. கடைசி நாள் எதுவென்று அவருக்குத் தெரியும். விடுதலையானவருக்கு அந்தக் கணக்கு இல்லை. மருத்துவமனையில் சேர்ப்பதை ஆள்வதோ மனநோய்கள் கட்டளைச் சட்டம். அதன் உடல் 1873இல் செய்யப்பட்டது. 1956இல் சில உறுப்புகள் திருத்தப்பட்டன. காப்பிச் செடியே இந்த மலையில் நின்ற காலத்துச் சட்டம் அது! புதிய சட்டத்துக்கான வரைவுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இனி இதை நம் இடத்தில் வைத்துப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். யாருடைய கதையும் அன்று, ஆனால் யாருடைய கதையாகவும் இருக்கக்கூடியது. ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷன். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை. இருபத்தைந்து வயது இளைஞன் சில மாதங்களாக உறங்குவதில்லை, தனக்குத்தானே பேசுகிறான், சோற்றில் மருந்து வைத்திருக்கிறார்கள் என்கிறான். கோடாங்கியிடம் கொண்டுபோகிறார்கள், கயிறு கட்டுகிறார்கள், தோட்டத்து டிஸ்பென்சரியில் தூக்க மாத்திரை தருகிறார்கள். ஒரு நாள் அடுத்த காம்பராக்காரரைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிடுகிறான். பொலிஸ், நீதவான், விளக்கமறியல், பிறகு அறிக்கைக்காக அங்கொடை மனநல மருத்துவமனை. ஹட்டனிலிருந்து வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று இறங்கிக் கொழும்பின் ஓரத்துக்குப் போக வேண்டும். அவனைப் பார்க்கப் போகும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போகும். திரும்பி வர இரவாகிவிட்டால் மறுநாள் பெரட்டுக்கும் நேரத்துக்கு நிற்க மாட்டாள், அந்தப் பேரும் போகும். மாதம் ஒருமுறை என்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகும், பிறகு தீபாவளிக்கு ஒருமுறையாகும். வருகை நின்ற இடத்தில்தான் மறதி தொடங்குகிறது. லாலுங்கின் கதையில் 54 ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்று நாம் வியக்கிறோமே, அவை இப்படித்தான் கழிகின்றன, ஒவ்வொரு தவறிய பேருந்தாக.

அங்கே அந்த இளைஞனிடம் யார் பேசுகிறார்கள், எந்த மொழியில்? எலும்பு முறிவுக்குப் படம் எடுக்கலாம், சர்க்கரைக்கு இரத்தம் பார்க்கலாம். மனநோயைக் கண்டறியப் பேச்சே முதன்மையான கருவி. நுவரெலியா, அம்பகமுவ போன்ற நமது பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆனால் வழக்குப் பயணிக்கும் பாதையில் அந்த அறிவிப்பு கூடவே பயணிப்பதில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தவன், அதில் என்ன இருக்கிறதென்று அறியாமலே வைத்திருக்கலாம். திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவரைத் தோட்டத்தில் எவரும் நோயாளி என்று சொல்வதில்லை. அந்த வழக்கத்தை அறியாத ஒருவரிடம் ‘சாமி வந்து சொல்லிச்சு’ என்ற பேச்சு போய்ச் சேர்ந்தால் அது நோய்க்குறியாகவே எழுதப்படும். எதிர்ப்பக்கமும் உண்டு: உண்மையான நோய்க்குறி ‘தோட்டத்து நம்பிக்கை’ என்று தள்ளப்பட்டால், சிகிச்சை பெற வேண்டியவன் சாதாரணக் கைதியாகச் சிறைக்குள் போவான். இரண்டு பிழைகளும் ஒரே குறையிலிருந்து வருகின்றன. அவனைக் கேட்க யாரும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வெட்டுப்பட்டவரின் குடும்பம் என்ன சொல்லும்? அவர்களும் அதே லயத்தில், அதே கூரைத் தகரத்தின் கீழ் இருப்பவர்கள். அவன் திரும்பி வந்தால் எப்படி உறங்குவது என்று அவர்கள் கேட்டால், அந்த அச்சத்தைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்களுக்கு இன்றைய சட்டம் என்ன தருகிறது? வழக்கு நின்றுபோகிறது, நடந்தது என்ன என்று எந்த மன்றமும் தீர்த்துச் சொல்வதில்லை, நட்டஈடு இல்லை, அவன் எப்போது வெளியே வருவான் என்ற தகவலும் இல்லை. குணமாகாமலே திடீரென்று வந்து நிற்கவும் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மன்றம் கோப்பைத் திறந்து, உளநல வைத்தியரைக் கேட்டு, அவனையே கேட்டு, வெட்டுப்பட்டவரையும் கேட்டு முடிவெடுக்கும் முறை இருந்தால் இரு வீட்டாரும் நிம்மதியாக உறங்குவார்கள். காலவரையற்ற காவல் பாதுகாப்புத் தரும் என்பது நம்பிக்கை மட்டுமே. சிகிச்சை தொடர்வதும் அதை யாரோ கவனிப்பதும்தான் பாதுகாப்பு.

சட்டத்தின் கடுமையைத் தளர்த்தினால் கேடு பெருகும் என்ற அச்சத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வது இங்கே 302ஆம் பிரிவின்கீழ் குற்றமாக இருந்தது. உயிர் பிழைத்துக் கட்டிலில் கிடப்பவரின் பக்கத்தில் பொலிஸார் நிற்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 பேர் என்ற அளவில், உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றாக இருந்தது; தண்டனைச் சட்டம் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. 1997இல் ஜனாதிபதி ஒரு குழுவை அமைத்தார். 1998இல், குற்றவியல் சட்டத்தில் தலைசிறந்த நூல்களை எழுதிய பேராசிரியர் ஜீ.எல். பீரிஸ் நீதியமைச்சராக இருந்த காலத்தில், 302ஆம் பிரிவு நீக்கப்பட்டது. தற்கொலை பெருகிற்றா? பத்தே ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்தச் சரிவுக்குச் சட்டநீக்கமே காரணம் என்று நான் சொல்லவில்லை. கொடிய பூச்சிகொல்லிகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்ததே பெரிய காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. தோட்டங்களில் களைக்கு அடித்த பராகுவாட்டும் பின்னர் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: தண்டனையை எடுத்ததால் ஒரு கேடும் வரவில்லை, துயரத்தில் இருப்பவர் பொலிஸுக்குப் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்கு வரக் கூடியதாயிற்று. இந்தியா அந்த இடத்துக்கு வர 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரை காத்திருந்தது. ஒரு வகையில் நாம் முந்திக்கொண்டோம், இந்த ஒரு படியில் மட்டும். (இந்த மண்டபத்தில் யாருக்கேனும் மனச்சுமை தாங்க முடியாமல் இருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழையுங்கள்.)

தண்டாவின் பணியில் மிக உயரமான பகுதிக்கு இப்போது வருகிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. அதன் பேச்சுவார்த்தைகளில் பங்கெடுத்தவர்களில் அவரும் ஒருவர். 12ஆம் உறுப்புரைக்காக அங்கே பெரும் போராட்டம் நடந்தது. எல்லா மனிதருக்கும், எந்தக் குறைபாடு இருந்தாலும், சட்டத்தின் முன் ஆளாக நிற்கும் தகுதி உண்டு. முடிவெடுக்க முடியாதவருக்கு உதவி கொடுங்கள், அவருக்குப் பதிலாக இன்னொருவரை உட்கார வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். தனித்து முடிவெடுக்கும் மனிதர் உலகில் எவரும் இல்லை, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துதான் முடிவெடுக்கிறோம் என்பது தண்டாவின் வாதத்தின் வேர். இலங்கை 2007இல் இதில் கையெழுத்திட்டு 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஏற்றுறுதி செய்த நாட்டில் 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் ஆள்கிறது!

ஆனால் தெருவில் ஆடையின்றி ஓடுகிறவரிடம், ஒரு வாரமாகச் சோறு உண்ணாதவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டா இருப்பது? வைத்தியர்கள் கேட்கும் கேள்வி இது, மிகச் சரியான கேள்வி. இந்த இடத்தில் தண்டாவோடு கடைசி அடி வரை நடக்க எனக்குத் தயக்கம் உண்டு. உயிர் போகும் நிலையில் சில நாட்களுக்கு இன்னொருவர் முடிவெடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் ‘சில நாட்கள்’ என்பதில் நான் உறுதியாக நிற்பேன். இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு வழி காட்டுகிறது: நோய் தணிந்திருக்கும் காலத்திலேயே, மறுபடி நோய் வந்தால் எனக்கு இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம், என் சார்பில் இன்னார் பேசட்டும் என்று எழுதி வைக்கலாம், கட்டாயச் சேர்க்கையை ஒரு சபை மீளாய்வு செய்யும். கட்டாயம் இருக்கலாம், ஆனால் அதற்குக் கடிகாரமும் கண்காணிப்பும் இருக்க வேண்டும். குற்றக் கூண்டில் நிற்பவருக்கு ஏன் அந்தக் கடிகாரத்தை மறுக்கிறோம்?

இந்த வாதத்தை வேறு எவரையும்விட மலையக மக்கள் நன்றாக விளங்கிக்கொள்வார்கள் என்று நான் நம்புகிறேன். சட்டம் நம் முன்னோரைச் சந்தித்தபோது குற்றவியல் சட்டமாகவே சந்தித்தது. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தோட்டத்தை விட்டுப் போவதே சிறைக்குரிய குற்றம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உழைக்கும் கை இருந்தது, கேட்கும் வாய் இல்லாமற்போனது. 1964இல் இந்திய, இலங்கைத் தலைவர்கள் இருவர் மேசையில் உட்கார்ந்து நம்மைப் பங்கிட்டபோது ஒரு தோட்டத்திலும் ஒருவரையும் கேட்கவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை நாடற்ற அந்த நிலை முழுதாகத் தீரவில்லை. நம்மைப் பற்றிப் பேசினார்கள், நம்மோடு பேசவில்லை. அந்த அநீதியை அனுபவித்த சமூகம், தன் லயத்தில் ஒருவனுக்கு அதே அநீதி நடக்கும்போது ‘அவன் கிறுக்கன்’ என்று கதவைச் சாத்தலாமா? குடியுரிமைக்காகக் கொடி பிடித்த தொழிற்சங்கம், விளக்கமறியலில் இருக்கும் அங்கத்தவரின் மகனுக்கு ஒரு சட்டத்தரணியைத் தேடித் தரக் கூடாதா? 1978 முதல் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. டிக்கோயா ஆதார வைத்தியசாலை 2017இலிருந்து புதிய கட்டடத்தில் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவரச் சொன்னது. கருவிகள் முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது. அவற்றை இணைக்கும் ஆள்தான் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாடாளுமன்றத்தில் இருக்கும் நமது உறுப்பினர்கள் எந்தக் கட்சியானாலும் சரி, அடுத்த அமர்வில் நீதியமைச்சரிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்கள்: நுவரெலியா மாவட்ட நீதிமன்றங்களின் கட்டளைப்படி, மனநோய் என்ற காரணத்தால், மருத்துவமனையிலும் சிறையிலும் இன்று காவலில் இருப்பவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார்கள்? கடைசியாக எந்தத் தேதியில் ஒரு நீதிபதி அவர்களது கோப்பைத் திறந்தார்? அவர்களில் எத்தனை பேரிடம் தமிழில் பேசினார்கள்? பதில் வந்ததும் அந்தப் பட்டியலை இங்குள்ள சட்டத்தரணிகள் கையில் எடுங்கள். முதற்பெயரிலிருந்து தொடங்குங்கள்.